பாலைவனத்தில் ராத்தங்கியவர்கள் யாரும் இருக்கீங்களா?

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். டிசம்பர் கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜெய்சல்மேர் பக்கம் பாலைவனத் தேசியப் பூங்காவுக்குப் போகிறேன். 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பு. எங்கே தொடங்குவது என்றே பிடிபடவில்லை.

உடன்குடித் தேரிக்காட்டில் பதநீர் குடித்து வளர்ந்தவர் அப்பா. செருப்புக்குள் செம்மணல் ஏறினால் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். அதனால் மணலும் வெயிலும் பிரச்சினையில்லை, ராத்திரிக் குளிர்தான் கவலை. 10 டிகிரிக்கும் கீழே இறங்குமாம். எங்கள் வீட்டில் கம்பளியே கிடையாது. கூடாரமும் தூங்கும் பையும் நெல்லையில் வாடகைக்குக் கிடைக்குமா?

அப்புறம், கானமயில் என்கிற அந்தப் பெரிய பறவையை அப்பாவுக்கு ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும். உலகத்தில் மிஞ்சியிருப்பதே 200-க்கும் குறைவு. அதற்குத் தொந்தரவு இல்லாமல் பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரி பக்கம் வனத்துறைக் குடிலில் தங்க முடியுமா, அனுமதி எங்கே வாங்குவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.