இசை இலக்கணம் படித்தால் வயலின் வாசிப்பு மேம்படுமா?

வில்லும்விரலும்:
எட்டு ஆண்டுகளாக வயலின் பயில்கிறேன். ஆசிரியர் வாசிப்பதைக் கேட்டு அப்படியே வாசிப்பதுதான் எனக்குப் பழக்கம். கீர்த்தனைகளில் தடுமாற்றமில்லை. ஆனால், பைரவி ராகத்தில் கற்பனாஸ்வரம் (அந்தக்கணத்தில் ஸ்வரங்களைக் கோத்து வாசிப்பது) வாசிக்கும்போது தைவதம் ('த' ஸ்வரம்) அடிக்கடி இடறுகிறது. இசை இலக்கணம் படிப்பது உதவுமா, அல்லது சாதக (பயிற்சி) நேரத்தைத்தான் விழுங்குமா?

சுருதிப்பெட்டி:
நிச்சயம் உதவும். பைரவி 20ஆவது மேளமான (தாய் ராகமான) நடபைரவியின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்). மேளத்துக்குரியது சுத்த தைவதமே (தாழ்ந்த 'த') என்றாலும், 'ப த நி ஸ' என்று ஏறும்போது சதுச்ருதி தைவதமும் (உயர்ந்த 'த'), 'ஸ நி த ப' என்று இறங்கும்போது சுத்த தைவதமும் வரும். மனப்பாடமான கீர்த்தனையில் விரல் தானாக இடமறிந்து விழும். அந்தக்கணத்தில் கோக்கும் ஸ்வரத்திலோ, இந்த விதியை அறியாத விரல் இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கும். உங்களுக்கு நேர்வது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மாலைக்கச்சேரி:
கிரக பேதத்தையும் (ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை 'ஸ' ஆகக் கொண்டு இன்னொரு ராகத்தைப் பெறுவது) சேர்த்துப் படியுங்கள். மோகன ராகத்தின் ரிஷபத்தை ('ரி') ஷட்ஜமாகக் ('ஸ') கொண்டால் மத்தியமாவதி ராகமும், காந்தாரத்தைக் ('க') கொண்டால் இந்தோள ராகமும் கிடைக்கும். இதை அறிந்த பிறகு, தனித்தனியாகப் பாடம் செய்திருந்த ராகங்கள் எனக்கு உறவினர்களாகத் தெரியத் தொடங்கின.

பழையரசிகன்:
ஒன்றை மட்டும் மறுக்கிறேன். தோடி ராகத்தின் சாதாரண காந்தாரத்தை ('க' ஸ்வரத்தின் ஒரு வகை) ஏட்டில் உள்ளபடி அசைவின்றி வாசித்தால் அது தோடியாகவே ஒலிக்காது. அந்தக் கமகத்தை (ஸ்வரத்துக்குத் தரும் அசைவை) கேட்டுத்தான் பெற வேண்டும்.

வில்லும்விரலும்:
நன்றி. இன்று 'ப த நி ஸ, ஸ நி த ப' மட்டும் முதற்காலத்தில் (மெதுவான வேகத்தில்) வாசித்துப் பார்க்கிறேன்.