பாலாவின் கனடா விண்ணப்பம்: எங்கள் குடும்பக் குழுவில்

சித்தப்பா: தேவி கண்ணு, வேலை முடிந்து வந்துவிட்டாயா? பாலா கனடாவில் நிரந்தரமாகத் தங்க பி.ஆர். போட வேண்டும் என்கிறான். இங்கே ஒரு ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்கிறார். வெப் டெவலப்பர் என்று போட்டால் கிடைக்காதாம், சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று மாற்றிப் போட்டுத் தருகிறாராம். முன்பணம் கட்டலாமா?

தேவி அக்கா: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீங்க சித்தப்பா. பாலா, பதவிப் பெயரை விடு. ஆபீசில் தினமும் என்ன வேலை செய்கிறாய்?

பாலா: ஜவுளிக் கடைகளுக்கு ஆன்லைன் விற்பனை சைட் செய்கிறோம் அக்கா. கோடு எழுதுவது, பேமென்ட் கேட்வே இணைப்பது, டெஸ்டிங் எல்லாம் நான்தான். கடைக்காரரிடம் பேசி என்னென்ன வேண்டும் என்று குறித்து வருவதும் நான்தான். ஆனால் ஆஃபர் லெட்டரில் சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றுதான் இருக்கிறது.

தேவி அக்கா: கனடா அரசு ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் உன் தொழில் எண் 21234. வெப் டெவலப்பர்கள் அதில்தான் வருவார்கள். பக்கத்தின் தோற்றத்தை மட்டும் வடிவமைக்கிறவர்களுக்கு 21233, சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கு 21231. அதிகாரி பதவிப் பெயரை வைத்து முடிவு செய்ய மாட்டார். அந்த எண்ணுக்குக் கீழே கனடா அரசு எழுதியிருக்கும் வேலைகளை நீ நிஜமாகவே செய்கிறாயா என்று உன் கம்பெனி கொடுக்கும் அனுபவக் கடிதத்தில் பார்ப்பார். மூன்றும் டீர் 1 வகை, அதாவது கனடாவின் தொழில் தரவரிசையில் ஒரே படி; விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் பாயிண்டில் ஒரு வித்தியாசமும் கிடையாது. பிறகு எதற்குப் பொய்? பிடிபட்டால் ஐந்து வருடம் தடை. அது ஏஜென்ட் தலையில் விழாது, பாலா தலையில்தான் விழும்.

சித்தி: ஐந்து வருடமா! வேண்டவே வேண்டாம் சாமி.

பாலா: ஸ்டெம் பிரிவில் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) குறைந்த பாயிண்டுக்கே கூப்பிடுவார்கள் என்று அந்த ஏஜென்ட் சொன்னாரே அக்கா?

தேவி அக்கா: 2023-ல் அந்தப் பட்டியலில் வெப் டெவலப்பர் இருந்தது உண்மைதான். 2025 பிப்ரவரியில் பட்டியலை மாற்றியபோது எடுத்துவிட்டார்கள், சாஃப்ட்வேர் இன்ஜினியரையும் சேர்த்து. அதனால் எண்ணை மாற்றியும் லாபமில்லை. வேலைக்கான ஆஃபர் வாங்கித் தருகிறேன் என்றாலும் நம்பாதே. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது நீ பி.ஆர். போடப்போகும் முறையில், அதற்குக் கொடுத்த பாயிண்டை 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

பாலா: அப்போ நான் என்னதான் செய்வது?

தேவி அக்கா: முதலில் கடிதம். கம்பெனி லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடச் சம்பளம், செய்யும் வேலைகள், கையெழுத்துப் போடுகிறவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். சும்மா "நல்ல பையன், இங்கே வேலை பார்த்தான்" என்று நம் ஊர்க் கம்பெனிகள் நான்கு வரி கொடுக்குமே, அது செல்லாது. அரசுப் பக்கத்தில் இருக்கும் வரிகளை அப்படியே ஒட்டியும் கொடுக்காதே. பேமென்ட் கேட்வே இணைத்ததை, டெஸ்டிங் செய்ததை உன் வார்த்தையிலேயே எழுதி எச்.ஆரிடம் கொடு.

பாலா: ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகச் செய்து கொடுத்த சைட்கள்?

தேவி அக்கா: அதைச் சொந்தத் தொழில் அனுபவமாகக் காட்டலாம், ஆனால் நீயே எழுதிக்கொடுப்பது ஆதாரமாகாது. உன்னிடம் சைட் செய்து வாங்கினவர்களின் கடிதமும் பணம் வந்த கணக்கும் வேண்டும். உனக்கு ஆபீஸ் அனுபவமே போதும், அதைப் போட்டுக் குழப்பாதே. அப்புறம் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை. லிசனிங்கில் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கப் பார். பாயிண்ட் ஏறுவது அங்கேதான். உனக்கு 30 எப்போது?

சித்தி: வரும் ஆவணியில்.

தேவி அக்கா: கல்யாணமாகாதவர்களுக்கு 29 வரை வயதுக்கு 110 பாயிண்ட், 30 ஆனால் 105. அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் பரீட்சைத் தேதியை இந்த வாரமே போட்டுவிடு.

சித்தப்பா: ஏஜென்டே இல்லாமல் முடியுமா கண்ணு?

தேவி அக்கா: தாராளமா முடியும், அவனே போடலாம். ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் உரிமம் பெற்ற ஆலோசகரா என்று கனடாவில் குடியேற்ற ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பான ஆலோசகர் கல்லூரியின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்க.

பாலா: நாளைக்கே எச்.ஆரிடம் பேசுகிறேன் அக்கா. கையெழுத்து வாங்குவதற்கு முன் வரைவை உங்களுக்கு அனுப்பட்டுமா?

தேவி அக்கா: அனுப்பு. இங்கே போடாதே, சம்பளம் இருக்கும். எனக்குத் தனியாக அனுப்பு.

சித்தப்பா: சரி கண்ணு. அந்த ஆளுக்கு இப்போதே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.