பஞ்சிங் மெஷின் கைரேகை, ஆதார் போட்டோ: புதுச் சட்டப்படி பனியன் கம்பெனி என்ன செய்யணும்?

நூல்கண்டு (திருப்பூர்):

வணக்கமுங்க. அனுப்பர்பாளையத்துல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல ஆள் சேர்க்கறதும் சம்பளக் கணக்கும் என் பொறுப்பு. 70 பேர், பாதிக்கு மேல ஒடிசா, பீகார்க்காரங்க. வருகைக்குக் கைரேகை மெஷின். ஆதார், பேங்க் பாஸ்புக் ரெண்டையும் காண்ட்ராக்டர் போன்ல படம் புடிச்சு வாட்ஸ்அப் குரூப்புல போட்டுடறாரு. பையர் ஆடிட்டுக்கு வர்றவங்களும் மொத்த விவரத்தையும் காப்பி கேக்கறாங்க. தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துருச்சுன்னு ஆளுக்கொரு ஒப்புதல் பாரம் கொண்டாந்து விக்கறாங்க. எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி வெச்சுட்டாப் போதுங்களா?

கோர்ட்டுவீதி (கோவை):

போதாதுங்க. அந்தப் பாரத்தை நம்பி உட்கார்ந்திராதீங்க.

நீங்கள் சொல்லும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கம்பெனிகளுக்கான முக்கியக் கடமைகள் அங்கிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வரும். அதுவரைக்கும் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் 2011 விதிகளும் இருக்கின்றன. கைரேகை, வங்கிக் கணக்கு இரண்டும் அதில் சென்சிட்டிவ் தரவு, அதாவது கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டியவை. வாங்குவதற்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். தனி முதலாளி நடத்தும் கம்பெனியும் இதற்குள் அடக்கம்.

புதுச் சட்டத்தின் 6-ம் பிரிவுப்படி ஒப்புதல் என்பது கட்டாயமில்லாமல், எதற்கு என்று தெரிந்து, நிபந்தனையில்லாமல் கொடுப்பது. கொடுத்த அளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். "கையெழுத்துப் போட்டாத்தான் வேலை" என்று வாங்கினது அந்த இலக்கணத்தில் நிற்காது. வேலை சார்ந்த தேவைக்கு 7-ம் பிரிவு ஒப்புதல் இல்லாமலே இடம் தருகிறது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.க்குக் கொடுப்பது சட்டக் கடமை. ஆக, புதுச் சட்டம் அமலான பிறகு அவசியமானதுக்குப் பாரமே தேவையில்லை. அவசியமில்லாததைப் பாரம் காப்பாற்றாது. ஒப்புதல் கேட்கிற இடத்தில் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி தர வேண்டும். ஒடியாவும் இந்தியும் அதில் இருக்கின்றன. தமிழில் மட்டும் அடித்த பாரத்தை ஒடிசாக்காரரிடம் நீட்டினால் அவருக்கு என்ன புரியும்?

உண்மையான சுமை 8-ம் பிரிவுதான். பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு கசிந்தால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய், கசிவைத் தெரிவிக்காமல் விட்டால் 200 கோடி வரை. பாதிப்பின் அளவைப் பார்த்து, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் தரவுப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்யும். அந்தப் பணம் அரசுக்குப் போகும். தொழிலாளிக்கு இழப்பீடு தந்த 43ஏ பிரிவையும் புதுச் சட்டம் நீக்கிவிடுகிறது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. கசிந்த பிறகு அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை என்பதால் கசியாமல் பார்ப்பதுதான் நாம் செய்ய வேண்டிய நியாயம்.

பவர்டேபிள் (ஈரோடு):

மெஷின் பத்தி நான் சொல்றேனுங்க. பெரும்பாலான மெஷின் கைரேகைப் படத்தை வெக்கறதில்ல, அதுல இருந்து எடுத்த டெம்ப்ளேட்டைத்தான் (ரேகையோட அடையாளங்களைக் குறியீடா மாத்தின பதிவை) வெக்கும். அதனால பயமில்லன்னு விட்டுடக் கூடாது. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், விரலை மாத்த முடியாது.

முதல்ல மெனு பட்டனை அமுக்கிப் பாருங்க. அட்மின் பதிவு செய்யாத மெஷின்ல யார் வேணாலும் உள்ள போயி பென் டிரைவ்ல எல்லாத்தையும் இறக்கிக்கலாம். ரெண்டு பேரை அட்மினாப் போடுங்க, கம்பெனில இருந்து வந்த பாஸ்வேர்டை மாத்துங்க. வேலையை விட்டுப் போனவரை மெஷின்ல மட்டும் அழிச்சாப் பத்தாது. பல மாடல்ல கம்ப்யூட்டர் சாப்ட்வேர் அடுத்த தடவை மெஷினோட சிங்க் ஆகி விவரத்தை ஒத்துப் பாக்கறப்ப பழைய டெம்ப்ளேட்டைத் திரும்ப மெஷினுக்கே அனுப்பிடும். சாப்ட்வேர்ல முதல்ல, மெஷின்ல அப்புறம், பேக்கப் பைல்ல கடைசியா அழிக்கணும். மெஷின்காரங்க கிளவுடுல ஏறுதுன்னா அவங்களோட எழுத்து ஒப்பந்தம் வேணும். அவங்க தப்புக்கும் சட்டத்து முன்னாடி பொறுப்பு நீங்கதான்.

ஆதார் நம்பரை ஊழியர் எண்ணா மெஷின்ல போடறது ரொம்ப ஆபத்துங்க. ஆதார் வழிப் பணம் எடுக்கறதுக்கு வங்கிப் பேரு, ஆதார் நம்பர், கைரேகை இவ்வளவுதான் கேக்கும். நம்பரும் ரேகையும் ஒரே இடத்துல இருந்தா திருடறவனுக்கு வேலை சுலபம். டோக்கன் நம்பர் கொடுங்க. ஆதார் ஆப்புல பயோமெட்ரிக்கைப் பூட்டறது எப்படின்னு ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. சாயப்பட்டறை ஆளுங்களுக்கு ரேகை தேஞ்சு மெஷின் எடுக்காது, அவங்களுக்கு கார்டு கொடுக்கத்தான் வேணும். அப்ப எல்லாருக்கும் கார்டே போதாதான்னு முதலாளிகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

நூல்கண்டு:

ரொம்ப நன்றிங்க. வாட்ஸ்அப் குரூப்பை என்ன பண்றது? பேப்பர் பைல்ல வெச்சா சட்டம் வராதுன்னும் சொல்றாங்களே?

கோர்ட்டுவீதி:

பேப்பராகவே இருக்கும் வரை இந்தச் சட்டம் வராது, சரிதான். போனில் படம் எடுத்த நிமிஷம் வந்துவிடும்.

குரூப்பில் போட்டதை "எல்லோருக்கும் நீக்கு" கொடுத்து அழிக்கலாம், ஆனால் சுமார் இரண்டரை நாளுக்குள்தான். அதற்குள்ளும் ஒவ்வொருவர் கேலரியிலும் இறங்கியிருக்கும், சிலருக்கு போட்டோ பேக்கப்பிலும் ஏறியிருக்கும். எனவே காண்ட்ராக்டர் ஆளை நேரில் கூட்டி வரட்டும். முழு ஆதார் நம்பரை பி.எஃப். தளத்தில் அந்த ஆள் முன்னாலேயே அடித்துவிட்டு, கோப்பில் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை வையுங்கள். காண்ட்ராக்டர் போன் தொலைந்தால் அதுவும் கசிவுதான். 2022 உத்தரவுப்படி, கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2027 மே முதல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வாரியத்துக்கும் தாமதமில்லாமல் சொல்லி, 72 மணி நேரத்தில் வாரியத்துக்கு முழு விவரமும் தர வேண்டும்.

18 வயது நிரம்பாதவர்கள் இருந்தால் 9-ம் பிரிவு வேறு. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாமல் தரவைத் தொடக் கூடாது.

ஆடிட்டுக்கு வருபவருக்குத் திரையில் காட்டுங்கள், காப்பி கொடுக்காதீர்கள். டோக்கன் நம்பர், வயது, வேலை நேரம், சம்பளம் போதும். கணக்கு எண்ணை மறைத்துவிடலாம். ஐரோப்பிய பையர் என்றால் அவர்களுடைய தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். 5-ம் பிரிவே தேவைக்கு மேல் எடுக்காதே என்கிறது. அதையே சொல்லி மறுக்கலாம்.

ஈரோட்டு அண்ணா சொன்ன அழிப்பில் ஒரு திருத்தம். 2025 விதிகளில் 8-ம் விதி, தனிநபர் தரவையும் அதைக் கையாண்ட பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைக்கச் சொல்கிறது. ஆக 2027 மே-க்குப் பிறகு விலகியவரின் டெம்ப்ளேட்டை மெஷினிலிருந்து எடுத்து, என்கிரிப்ட் செய்த தனிக் கோப்பில் ஓராண்டு பூட்டி வைத்து, பிறகு அழித்து, அழித்த தேதியைக் குறித்து வையுங்கள். பி.எஃப்., சம்பளப் பதிவேடுகளுக்கு அந்தந்தச் சட்டம் சொல்லும் கெடு தனி. டெம்ப்ளேட்டோடு சேர்த்து அவற்றையும் அழித்துவிடாதீர்கள்.

பவர்டேபிள்:

சரிங்க, அப்படின்னா சாப்ட்வேர்ல "டெலிட்"டுக்கு முன்னாடி எக்ஸ்போர்ட் எடுக்கணும். அந்த பைலை மெஷின் இருக்கற கம்ப்யூட்டர்லயே விடாம வேற டிரைவ்ல வெச்சு ஆபீஸ் பீரோவுல பூட்டிடுங்க.