டிசம்பரில் ஓடிய 4.5 கிகாஹெர்ட்ஸ் மே மாதத்தில் ஓடவில்லை: உங்கள் அனுபவம்?

வேளச்சேரிவாசி

இன்டெல் 2500கே ப்ராசஸர். கம்பெனி வேகமான 3.3 கிகாஹெர்ட்ஸை ஏற்றி (ஓவர்கிளாக்), 4.5-இல், 1.3 வோல்ட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். அதன் சூட்டை இறக்கும் கூலர் ஹைப்பர் 212 ஈவோ. டிசம்பரில், ப்ராசஸரிடம் முழு வேலை வாங்கும் பிரைம்95 டெஸ்ட் ஓட்டினால் 70 டிகிரியைத் தாண்டாது. மே மாதம் அதே அமைப்பு 98-ஐத் தொட்டு, வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட்டை மூன்று முறை மாற்றினேன். பெரிய கூலர் வாங்கப் பணம்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா சாம்பிராணி காட்டிக்கொண்டே அறைக்குள் வந்தார்கள். கேபினட்டின் பின்பக்கம் போனதும் புகை விலகவில்லை; கயிறு போலத் திரண்டு உள்ளே போனது. "அம்மா, அங்கேயே நில்லுங்க" என்று கத்திவிட்டேன். ஏப்ரலில் தூசி தட்டக் கொடுத்த கடையில் பின் ஃபேனைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். கூலர் பின்னோக்கித் தள்ளிய சூட்டை அது உள்ளேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. நான்கு திருகுதான். திருப்பி மாட்டியதும் 84. அந்தப் புகை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பனியன்நகர்

எங்கள் வீட்டுக்குக் கீழே பனியன் கம்பெனி. பஞ்சு எங்கே வரும் என்று சொல்லவே முடியாது. 92 காட்டியபோது ஃபேன் முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது, சத்தமும் இருந்தது. கூலர் ஃபேனைக் கழற்றினால் தகடுகளின் முகத்தில் சாம்பல் நிறக் கம்பளி ஒன்று. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக உரிந்து வந்தது. மறுநாள் 76. இப்போது முன்னால் வலையோடு இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வரும் காற்று அதிகம் என்பதால் இடுக்கு வழியாகப் பஞ்சு ஏறுவது குறைந்திருக்கிறது.

கோவைஓவர்கிளாக்கர்

வேளச்சேரி நண்பரே, ஃபேனைத் திருப்பியது சரி. ஆனால் 84-க்குக் காரணம் ஃபேன் இல்லை. கூலர் அறைக் காற்றைவிடக் கீழே எதையும் கொண்டுபோகாது. அறை 25-லிருந்து 38 ஆனால் அந்த 13 டிகிரியும் அப்படியே மேலே ஏறும். உங்கள் 70 அதனால்தான் 84 பக்கம் போனது.

என் கதை சின்னது. முதல் கூலரை அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டேன். விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் அமைப்புத் திரையிலேயே 90. கழற்றியபோது தாளின் மேல் பேஸ்ட் அழகாகப் பரவியிருந்தது.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். கூலர் வாங்கும் முன் வோல்டேஜைப் பாருங்கள். சூடு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 3.3-லிருந்து 4.5, 1.2 வோல்ட்டிலிருந்து 1.3 என்றால் கணக்குப் போடுங்கள், சுமார் 60 சதவீதம் கூடுதல். வோல்டேஜை ஆட்டோவில் விட்டால் மதர்போர்டு பெரும்பாலும் தேவைக்கு மேலேயே கொடுக்கும். நீங்களே பிடித்து, 0.01 வோல்ட்டாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரமாவது டெஸ்ட். கணினி உறைந்து நின்றால் ஒரு படி மேலே போய் நின்றுவிடுங்கள். அப்புறம், குளிர்காலத்தில் முடிவு செய்யாதீர்கள். கத்திரி வெயிலில், மதியம் 2 மணிக்கு, ஏசி இல்லாமல் ஓட்டிப் பார்த்து நிலைப்பதுதான் உங்கள் வேகம்.

வேளச்சேரிவாசி

அண்ணே, 98-லிருந்து 84-க்கு இறங்கியது ஃபேனால்தானே? மீதி வெயில் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வோல்டேஜை இன்று இரவே இறக்கிப் பார்க்கிறேன்.

திருச்சிமலைக்கோட்டை

நான் அளவு பார்க்காமல் வாங்கினேன். 212 ஈவோவின் உயரம் 159 மில்லிமீட்டர், என் கேபினட் தாங்குவது 155. கதவு மூடவில்லை. ஒரு வருடம் திறந்தே ஓட்டினேன். ப்ராசஸர் சூடு ஒன்றும் மோசமில்லை, மூடினால்தான் நல்லது என்று சொல்கிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு நாள் இரவு டக் என்று சத்தம், கூலர் ஃபேன் நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பல்லி. அதை வெளியே எடுத்த கை நடுங்கியது. மறுநாளே கேபினட்டை மாற்றிவிட்டேன், இந்த முறை அளவுகோலோடு கடைக்குப் போனேன்.