கைவிட்ட கல்குவாரியில டேட்டா சென்டர்: நம்ம சீமைக்குத் தோதுப்படுமா?

கருங்கல்:
நெல்லையைச் சுத்தி வெட்டி முடிச்சுத் தண்ணி கட்டிக் கிடக்கிற குவாரிப் பள்ளம் நிறைய இருக்கு. அதுல ஒண்ணுல ஒரு மெகாவாட் டேட்டா சென்டர், அதாவது சர்வர் கம்ப்யூட்டர்கள அடுக்கி ஓட்டுற நிலையம், வைக்கலாம்னு சொல்லுதேன். நார்வேயில லெஃப்டால்னு ஒலிவின்கிற கனிமம் வெட்டின பழைய சுரங்கத்துக்குள்ள சென்டர் ஓடுது, பக்கத்துக் கடல்கழித் தண்ணிதான் குளிர்ச்சிக்கு. நம்ம பள்ளம் 100 மீட்டர் நீளம், 100 அகலம், 10 ஆழம்னா ஒரு லட்சம் கன மீட்டர். ஒரு மெகாவாட் சூடு மொத்தமும் உள்ளேயே தங்கினாலும் ஒரு நாளைக்கு 0.2 டிகிரிதான் ஏறும். தண்ணிய ஆவியாக்கிச் சூட்டப் போக்குற கூலிங் டவரும் வேண்டாம், தாமிரபரணித் தண்ணியும் வேண்டாம்.

பொருநைப்பாசனம்:
அண்ணாச்சி, நாளைக்கு 0.2ன்னா மாசத்துக்கு 6 டிகிரி. அந்தச் சூடு எங்கேயாவது போயாகணும்லா? மேல்மட்டம் வழியாத்தான் போகும், அதுல பெரும்பங்கு ஆவியா. ஒரு மெகாவாட் முழுசும் ஆவியாப் போனா நாளைக்கு 35,000 லிட்டர். டவர் குடிக்கிற தண்ணியக் குட்டை குடிக்கப் போகுது. நார்வேத் தண்ணி சில்லுனு இருக்கும், நம்மது வெயில் காலத்துல 30 டிகிரி.

கருங்கல்:
35,000 லிட்டர் 10,000 சதுர மீட்டர்ல 3.5 மில்லிமீட்டர்தான். சூடும் ஏறிக்கிட்டே போகாது. சதுர மீட்டருக்கு 100 வாட் விழுது. காத்து சுமாரா அடிச்சாலே மூணு நாலு டிகிரி கூடுதல்ல சமநிலைக்கு வந்துரும்.

குளிர்பதனி:
கணக்கு சரி, ஆனா 34 டிகிரித் தண்ணிய வச்சு எந்த சர்வரக் குளிர வைக்கப் போறீங்க? காத்துல குளிர்ற சர்வருக்கு 27 டிகிரிக்குள்ள காத்து வேணும், அங்க இந்தத் தண்ணி உதவாது, சில்லர்ங்கிற குளிரூட்டி மிஷின் போட்டே ஆகணும். சிப் மேல தகடு ஒட்டி நேரா திரவம் ஓட்டுற சர்வரா இருந்தா 40 டிகிரி வரைக்கும் தாங்குற வகை உண்டு. அப்பவும் மெமரி, பவர் சப்ளை சூட்டுல ஒரு பங்கு அறைக் காத்துலதான் கலக்கும். அதுக்குச் சின்ன சில்லர் ஒண்ணு வேணும்.

மெகாவாட்டுக்கு, போற தண்ணிக்கும் திரும்புற தண்ணிக்கும் 10 டிகிரி வித்தியாசம் வச்சா நொடிக்கு 24 லிட்டர் ஓடணும். பம்ப விளிம்புல வச்சு உறிஞ்ச நினைக்காதீங்க, ஏழு மீட்டருக்குக் கீழ இருந்து ஏறாது. மிதவை மேல பம்ப், வளையுற குழாய், பாசிக்கு வடிகட்டி. குட்டைத் தண்ணி சர்வர் பக்கமே போகக்கூடாது, நடுவுல தட்டு வெப்பமாற்றி (ரெண்டு தண்ணியும் கலக்காம சூட்ட மட்டும் கைமாத்துறது) ரெண்டு: ஒண்ணு ஓட, ஒண்ணு கழுவ. தலையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரின்னா தட்டுல உப்பு படிஞ்சு அடைச்சிரும். கருங்கல் குவாரியாப் பாருங்க.

உவரிஅலை:
இவ்வளவு பாடுக்குக் கடலுக்குள்ளயே இறக்கிரலாமே? மைக்ரோசாஃப்ட் நேட்டிக் அப்படித்தானே?

குளிர்பதனி:
2018ல ஸ்காட்லாந்து ஆர்க்னி பக்கம் 35 மீட்டர் ஆழத்துல 864 சர்வர் இறக்கி 2020ல தூக்கினாங்க. பழுது தரையில உள்ளதுல எட்டுல ஒரு பங்கு. உள்ள நைட்ரஜன் அடைச்சதும் ஆள் கை படாததும்தான் காரணம்னு அந்தக் குழுவே கருதுச்சு. அந்த நன்மையத் தரையிலயே காத்துப் புகாத அறை கட்டி எடுத்துக்கிடலாம். கடல்னா ஒரு சர்வர் செத்தா தூக்குற வரைக்கும் செத்ததுதான். நம்ம கடல் வருசத்துல பெரும்பாலும் 27க்கு மேல, கூட்டுல கொட்டலசு (பாறையில ஒட்டுற ஓட்டுப் பூச்சி) ஒட்டினா சூடு வெளிய போகாது. போதாததுக்கு, அது மீன்பிடி மடி (வலை) இழுக்கிற இடம். மைக்ரோசாஃப்ட்டும் 2024ல இதத் தொடரலன்னு சொல்லிட்டாங்க.

பொருநைப்பாசனம்:
குவாரிக்கே வருவோம். 2023 டிசம்பர் மழைய மறந்துட்டுப் பேசுதீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். அந்த மழை அஞ்சு ஹெக்டேர் வடிநிலத்துல பேஞ்சு இந்தப் பள்ளத்துல இறங்கினா தண்ணி 4.75 மீட்டர் ஏறும். உள்ள வச்ச சர்வர் கன்டெய்னர் என்ன ஆகும்?

கருங்கல்:
கன்டெய்னர் மேட்டுலதான். பள்ளத்துக்குள்ள மிதவையும் குழாயும் மட்டும், குழாய்க்கு எட்டு மீட்டர் தளர்வு விட்டா ஏறினாலும் இறங்கினாலும் அறாது. தண்ணிய 30 மீட்டர் தூக்கவே மெகாவாட்டுக்குப் பத்து கிலோவாட்தான் செலவு.

பொருநைப்பாசனம்:
மேடுன்னா விளிம்புல இல்ல. வெடி வச்ச பாறையில கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும். துளை போட்டுக் கல்ல எடுத்துப் பாத்து, அதுக்கு ஏத்த மாதிரித் தள்ளி வைக்கணும். பக்கத்துல ஓடுற குவாரி இருந்தா வெடி அதிர்வு ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது, கிரஷர் தூசி ஃபில்டர அடைக்கும். சுத்துக் கிணத்து ஊத்தும் பள்ளத்து ஊத்தும் ஒண்ணா இருந்தா, வெதுவெதுன்னு ஆன தண்ணிக்குப் பயிர்க்காரன் கேட்கத்தான் செய்வான்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. பாறைச் சுவர்ல வெள்ளை வெள்ளையா உப்புக்கோடு தெரியும், பாத்திருப்பீங்க. மேல் கோடு மழைக்காலம், கீழ் கோடு கோடை. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை மீட்டர்னு அளந்தீங்களா? பத்து மீட்டர் ஆழம் மூணு மீட்டரா வத்தி, பரப்பும் பாதியாச் சுருங்கினா, உங்க மூணு நாலு டிகிரி ஏழு எட்டாகும். 34 போய் 38 ஆகும், 40ங்கிற எல்லைக்கு இடமே இருக்காது. வடகிழக்குப் பருவமழை தொடங்குறதுக்கு முந்தி, புரட்டாசிக் கடைசியில ஆழமும் வெப்பமும் எடுத்துப் போடுங்க, பேசுவோம். மார்கழியில நிறைஞ்சு கிடக்கிறதப் பாத்து எடுத்த அளவ நான் ஏத்துக்கிட மாட்டேன்.