மறு: ‘அங்கீகாரத் தோல்வி’க்கு மாற்றாக ‘ஆள்மறுப்பு’

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> ‘அங்கீகாரத் தோல்வி’ புழக்கத்துக்கு வந்துவிட்டது. இனி அதை மாற்ற வேண்டுமா?

மாற்றியே ஆக வேண்டும் என்கிறேன். விரல்ரேகையை வைத்து ஆளைச் சரிபார்க்கும் கருவி ஒருவரை ஏற்காதபோது வரும் ‘authentication failure’ என்பதற்கான சொல்லைத்தான் சொல்கிறேன்.

என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஈரோட்டு மஞ்சள் மண்டிகளில் நாற்பது ஆண்டுகள் விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் பிரித்துப் போட்டவர். அதில் விரல் ரேகை தேய்ந்துபோனது. போன மாதம் அவரோடு ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். கட்டைவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலையும் ஏற்கவில்லை. “தலையில் தேய்த்துவிட்டு வையுங்கள் ஆத்தா” என்றார் கடைக்காரர். எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் சில நேரம் ரேகை பதியும். அன்று அதற்கும் பதியவில்லை. “தோல்வி என்று வருகிறது” என்று கடைக்காரர் திரையைப் படித்ததும், ஏதோ தப்புச் செய்துவிட்டவரைப் போல அம்மிச்சி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பிற்பகலில் மாமா வந்து விரல் வைத்த பிறகுதான் அரிசி கிடைத்தது.

தோற்றது யார்? அட்டை அவருடையது, விரல் அவருடையது. அடையாளம் காணத் தெரியாமல் போனது கருவிக்கு.

‘அங்கீகாரம்’ என்பதும் இங்கே பொருந்தாது. பள்ளிக்கு, கட்சிக்கு, சங்கத்துக்கு மேலிருந்து கொடுப்பது அங்கீகாரம். ரேஷன் கடையில் நடப்பது வெறும் சரிபார்ப்பு.

இந்தக் கருவிகள் இரண்டு விதமாகத் தவறும். உரியவரையே ‘இவர் அவரல்ல’ என்று தள்ளும். வேறொருவரை ‘இவர்தான்’ என்று ஏற்கும். பொருத்த அளவை இறுக்கினால் முதல் தவறு கூடும், தளர்த்தினால் இரண்டாவது கூடும். எந்த அளவில் நிறுத்துவது என்பதை முடிவு செய்கிறவர்கள் மனிதர்கள். அது ஒரு கொள்கை முடிவு. ‘தோல்வி’ என்ற ஒரே சொல் இவ்வளவையும் மூடிவிடுகிறது.

ஆகவே முதல் தவறுக்கு ‘ஆள்மறுப்பு’, இரண்டாவதற்கு ‘ஆள்மயக்கம்’ என்று முன்மொழிகிறேன். ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதை நம் இலக்கணம் வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்றே சொல்கிறது. ‘ஆள்மாறாட்டம்’ என்றே ஏன் சொல்லக் கூடாது என்றால், அது மனிதர் செய்யும் மோசடி. அதையும் கருவியின் குழப்பத்தையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

> ‘ஆள்மறுப்பு’ என்றால் ஆள் மறுத்தார் என்று பொருள்படாதா?

‘கடவுள் மறுப்பு’ என்றால் கடவுள் மறுத்தார் என்று யாரும் கொள்வதில்லையே. பெரியார் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இந்தத் தொகைச்சொல்லுக்கு வேறு எடுத்துக்காட்டைத் தேட எனக்குத் தோன்றவில்லை.

ஆதார் வழக்கில் 2018 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சரிபார்ப்பில் கோளாறு என்பதற்காக உரியவருக்குப் பயன் மறுக்கப்படக் கூடாது என்ற அக்கறையைப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் ‘தோல்வி’ என்று காட்டும் திரைக்கு முன்னால் நிற்கும் வயதானவர் அந்த உரிமையை எப்படி வாய்விட்டுக் கேட்பார்? ‘கருவி ஆள்மறுப்பு, பதிவேட்டில் கையொப்பம் பெற்றுப் பொருள் வழங்கவும்’ என்று வந்தால் கடைக்காரருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியும்.

கருவிழியையும் முகத்தையும் பார்த்துச் சரிபார்க்கும் கருவிகளுக்கும் இதே சொல் பொருந்த வேண்டும் என்பதால்தான் முதலில் எழுதிவைத்த ‘ரேகைமறுப்பு’ என்பதைக் கைவிட்டேன். சொற்பட்டியலில் ஏற்றுவதற்கு முன், குழுவில் ரேஷன் கடைப் பணியாளர் யாராவது இருந்தால் அவர்கள் கருத்தை எழுதுங்கள். தினமும் அந்தத் திரையைப் படித்துச் சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து