வீடு மூழ்கவில்லை, சாலை மூழ்குது. சாப்பாட்டுக்கு யாரைக் கேட்பது?

மேட்டு லயம்:
மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் இருக்கிறோம். லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், மேட்டில் இருப்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வராது, ஆனால் ஆறு ஏறினால் டவுனுக்குப் போகிற மண்சாலை போச்சு, சில நாள் வெளியே போக வழியே இல்லை. 2023 மார்ச்சில் சிகாமட், யோங் பெங் பக்கமெல்லாம் வெள்ளம் வந்தபோது டவுன் ஆட்கள் பள்ளிக்கூடத்து பிபிஎஸ்ஸில் (தற்காலிக வெள்ள நிவாரண மையத்தில்) சுடச்சுடச் சாப்பிட்டார்கள். நாங்கள் போன் போட்டால், "உங்க வீடுதான் மூழ்கலையே" என்றார்கள். தோட்டத்துக் கடையில் மிஞ்சியது சார்டின் டின்னும் பிஸ்கட்டும். பால்மாவு கிடையாது. இந்த மழைக்காலத்துக்கு முன்பே ஏதாவது செய்ய முடியுமா?

சிகாமட்காரி:
பிபிஎஸ்ஸில் பதிந்த தலைக்கணக்குக்குத்தான் சமைப்பார்கள், பதியாதவர் கணக்கிலேயே வர மாட்டார். கம்பமாக (கிராமமாக) இருந்தால் கிராமத் தலைவர் கேட்பார். தோட்டம் கம்பெனி நிலம், அந்தக் காலத்திலிருந்தே கிராமத்துக்கு வருகிற அரசாங்க உதவி பல நமக்கு வராமல் போனதே இதனால்தான். அதனால் மேனேஜர் கையெழுத்தோடு மாவட்ட அலுவலகத்துக்கும் சமூக நலத்துறைக்கும் கடிதம் போகட்டும்: இத்தனை குடும்பம், இத்தனை குழந்தை, சாலை மூழ்கினால் அடைபட்டுவிடுவோம் என்று. மழைக்கு முன்பே அரிசி பருப்பை இறக்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். படகில் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

கிள்ளான் வாசி:
டவுனில் இருந்தால் மட்டும் கிடைத்துவிடுமா என்ன? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் சனங்கள் மாடியில் பட்டினியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் ஒன்று, அங்கே நடப்பது ஊருக்கே உடனே தெரிந்தது, தன்னார்வலர்கள் படகோடு வந்தார்கள், குருத்வாராக்களில் சமைத்து அனுப்பினார்கள். உங்கள் தோட்டத்துக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே வெளியாளுக்குத் தெரியாதே!

பெரிய தண்டல்:
கடிதம் போகட்டும், பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாது. கோயில் மடப்பள்ளியில் திருவிழா அண்டா இருக்குமே? மூட்டை அரிசி, பருப்பு, கருவாடு, இரண்டு கேஸ் தோம்பு (சிலிண்டர்), எல்லாம் நவம்பருக்குள் வாங்கி மேலே அடுக்குங்கள். அரிசியைத் தரையில் வைக்காதீர்கள், ஈரம் ஏறிப் புழு வைக்கும். அப்புறம் கொங்சியில் (வெளிநாட்டுத் தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கிற வங்காளதேசி, இந்தோனேசியப் பையன்களையும் கணக்கில் சேருங்கள். பெர்மிட் இல்லாதவன் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து பிபிஎஸ் பக்கமே போக மாட்டான்.

மேட்டு லயம்:
மடப்பள்ளி யோசனை சரி, கோயில் தலைவரிடம் பேசுகிறேன். மேனேஜர்தான் கையெழுத்துக்கு இழுப்பார். மலாயில் கடிதம் எழுதத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?

சிகாமட்காரி:
நான் எழுதித் தருகிறேன். குடும்பக் கணக்கை மட்டும் தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) வாங்கி அனுப்புங்கள்.